நாலாம் எண் கூண்டு

"என் நாய் ரெடின்னு மெசேஜ் வந்துச்சு. எங்கே?"

முதலில் நின்றவர் செல்போனை நர்ஸின் மூக்குக்கு நேராக நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர், அதே செய்தியோடு. உள்ளே ஒன்பது கூண்டுகளில் ஒன்பது பிராணிகள் நல்ல விழிப்போடு உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்குக்கூட இன்னும் மயக்க ஊசி போடவில்லை.

நர்ஸ் மெதுவாகத் திரும்பி, மூலையில் லேப்டாப்புக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தவனைப் பார்த்தாள். அவன் டாக்டரம்மாவின் கொழுந்தன். அதனால் பார்வையோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆறு மாதமாக வேலையில்லாமல் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவனை அண்ணன்தான் அண்ணியின் பிராணிகள் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து தள்ளியிருந்தான். வேலை எளியது. ஆபரேஷன் முடிந்ததும் சொந்தக்காரருக்குத் தானாகச் செய்தி போக வேண்டும், அவர் வந்து பிராணியை அழைத்துப் போக வேண்டும். இன்று ஐந்து மணிக்குள் ஒன்பது கூண்டும் காலியானால் வேலை நிரந்தரம். ஆகாவிட்டால் நாளைக்கு வெளிக் கம்பெனி ஆள் வருவார், இவன் மச்சானின் கடையில் டைல்ஸ் இறக்கப் போவான். மச்சான் முன்யோசனையுள்ளவர், கையுறைகூட வாங்கி வைத்துவிட்டார்.

ஆபரேஷன் அறையிலிருந்து அண்ணி தலையை மட்டும் நீட்டினார்.

"தம்பி, என்ன கூட்டம்?"

"சின்ன விஷயம்தான் அண்ணி. ஆபரேஷன் முடிஞ்சுதான்னு சர்வர் கேட்டுச்சு. 'பதில் அப்புறமா வரும்'னு ஒரு ப்ராமிஸ் கிடைச்சுது. கிடைச்சதையே பதில்னு எடுத்துக்கிச்சு."

"புரியல."

"ஓட்டல்ல டோக்கன் வாங்கினவுடனே, சாப்டாச்சுன்னு கை கழுவிட்டுப் போற மாதிரி."

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"பக்கத்து வீட்டுக்காரன் தப்பைச் சொல்ற மாதிரி சொல்றீங்க."

தலை உள்ளே போய்விட்டது. நர்ஸ் எட்டுப் பேரையும் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பிவைத்தாள். "இனிமே மெசேஜ் வந்தா ஓடி வருவேன்னு நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் முதல் ஆள்.

தவறைத் திருத்துவது பெரிய காரியமில்லை. பதில் வரும்வரை காத்திரு என்று சர்வருக்குச் சொல்ல ஒரே ஒரு சொல் போதும், அவெயிட். அதைச் சேர்த்தான். முதல் பிராணிக்குப் பதில் வரட்டும், செய்தி போகட்டும், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. ரேஷன் வரிசை தோற்றுவிடும், அவ்வளவு ஒழுங்கு.

மூன்று வரைக்கும் ஒழுங்காகவே போனது. நான்காவது ஒரு கறுப்புப் பூனை. மயக்க ஊசியைப் பார்த்ததும் அது மருந்து அலமாரியின் உச்சியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அண்ணி கொஞ்ச நேரம் கெஞ்சினார், கொஞ்ச நேரம் மிரட்டினார், கடைசியில் அதை விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் முடித்தார்.

மூன்று மணிக்கு நர்ஸ் வந்தாள்.

"சார், எல்லாம் கண் முழிச்சு உக்காந்திருக்கு. பின்னாடி அஞ்சு பேருக்கு மெசேஜே போகலயாமே?"

"நாலாவது முடியணும்ல. வரிசைன்னு ஒண்ணு இருக்கு."

"பூனை வரிசைல நிக்குமா சார்?"

செய்தி போன மூன்று பேரும் வரவில்லை என்பது தனிக்கதை. அவர்கள் சூடுபட்டவர்கள்.

வரிசையைக் கலைத்தான். ஒன்பது ப்ராமிஸையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒன்றாகக் காத்திருக்கச் சொன்னான். பூனை இறங்கி வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி பறக்கும். மூட்டையில் ஒன்று கெட்டால் மூட்டையே கெட்டதாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். கெடாது என்று நம்பினான். கெட்டால் என்ன செய்தி போக வேண்டும் என்ற இடத்தில், யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஏதோ ஒரு வரியைத் தட்டியும் வைத்தான்.

மூன்றே முக்காலுக்கு அண்ணி வந்தார். இரண்டு கைகளிலும் பிளாஸ்டர். கம்ப்யூட்டரில் நாலாம் எண்ணுக்கு நேரே 'ரத்து' என்பதை அழுத்திவிட்டுப் போனார்.

மூட்டை கெட்டது. எட்டு செல்போன்கள் எட்டு இடங்களில் ஒலித்தன.

'மன்னிக்கவும். முயற்சி தோல்வியில் முடிந்தது.'

பத்தே நிமிடத்தில் வாசல் கதவு படீரென்று திறந்தது. ஓடி வருவேன் என்று நினைக்காதீர்கள் என்றவர், ஒரு கன்னத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார். அடுத்து ஓர் அம்மாள், இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. அடுத்து ஒரு கணவன் மனைவி, "அன்னைக்கே சொன்னேன்ல" என்று ஒருவரை ஒருவர் பார்த்து அழுதபடி. முயல்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று நர்ஸ் கத்தியதை யாரும் கேட்கவில்லை. கூண்டுகளைத் திறந்துவிட்டாள். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு தள்ளாடி வந்த நாய், நுரையில்லாத கன்னத்தை விட்டுவிட்டு நுரையுள்ள கன்னத்தை நக்கியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டார்.

திட்ட வேண்டியவர்கள் எல்லோரும் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனுக்கு ஒருவர் கைகூடக் கொடுத்தார். ஏன் என்று இருவருக்குமே தெரியவில்லை.

நாலே முக்காலுக்கு எட்டுக் கூண்டுகள் காலி.

"பரவாயில்ல தம்பி, ஒண்ணுதான் பாக்கி" என்றார் அண்ணி. நர்ஸ் ஒரு பிஸ்கட்டைக் காட்டிப் பூனையை இறக்கிக் கூண்டில் போட்டிருந்தாள். "வலை வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலைல முதல் ஆபரேஷன் இதுக்குத்தான். சொந்தக்காரர் ராத்திரிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரான்னு கேளுங்க. போகலைன்னா ஒரு கூண்டு காலி ஆகலைன்னுதான் அர்த்தம்."

அவன் பட்டியலைத் திறந்தான். நாலாம் எண். பூனை, ஆண், கருத்தடை. தொலைபேசிக் கட்டம் காலி.

காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. கூட்டத்துக்கு நடுவே இந்தப் பூனை ஒரு நாற்காலியில் தனியாக, மிகவும் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. சொந்தக்காரர் காரை நிறுத்தப் போயிருப்பார், வந்ததும் நம்பர் வாங்கிக்கொள்ளலாம் என்று அவன்தான் கூண்டில் போட்டான். என்ன ஆபரேஷன் என்று அவன் போடவில்லை. அந்தக் கட்டத்தைத் தொடாவிட்டால் தானாகவே கருத்தடை என்று விழும்படி எழுதியிருந்தான், அவ்வளவுதான்.

மணி நாலு ஐம்பத்தைந்து. கூண்டைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினான்.

"வாட்ச்மேன் அண்ணே, காலைல இதைக் கொண்டுவந்தவரை ஞாபகம் இருக்கா? கார்ல வந்திருப்பாரு. இன்னைக்கே அவரைப் பிடிச்சாகணும், என் பொழப்பே இதுலதான் இருக்கு."

வாட்ச்மேன் குனிந்து பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். கூண்டின் கொக்கியை எடுத்துவிட்டார். பூனை சோம்பல் முறித்து வெளியே வந்தது, இருவரையும் திரும்பிப் பார்க்காமல் தெருவைக் கடந்தது.

"இதை யாரு சார் கூண்டுல போட்டது? எதிர்க்கடைப் பூனை, தினமும் வந்து ஏசி காத்துல தூங்கிட்டு அஞ்சு மணிக்கு அதுவே கிளம்பிப் போயிடும்."