துப்பாம முழுங்கின கிரெனாஷ்

அன்னைக்கு எனக்குக் கொடுத்த வேலை, பதினோரு மணிக்குள்ள மூணு பாட்டிலைத் திறந்து வைக்கணும். அவ்வளவுதான்.

இதுல என்னடா தப்பு நடந்துரும்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ரெண்டாயிரத்து மூணோ நாலோ இருக்கும். கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல எனக்கு வேலை. வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விளக்கம்: எங்க ஊர்ல தீப்பெட்டி ஃபேக்டரியை ஆபீஸ்னுதான் சொல்வோம். உள்ள போனா குச்சி, மருந்து, பசை, லேபிள்தான் இருக்கும். நாற்காலி போட்டு உக்காந்திருந்தது நான் ஒருத்தன்தான். இங்கிலீஷ்ல லெட்டர் டைப் அடிக்கத் தெரியும்ங்கிற ஒரே காரணத்துக்காக எனக்கு எக்ஸ்போர்ட் மேனேஜர்னு பேரு. அதுவரைக்கும் நாங்க எக்ஸ்போர்ட் பண்ணினது ஒரு பெட்டி கூடக் கிடையாது.

அப்பதான் பிரான்ஸ்ல இருந்து ஒரு ஃபேக்ஸ் வந்துச்சு!

அனுப்பினவர் பேரு மிஷேல். அந்த நாட்டுல தெக்குப் பக்கம் திராட்சைத் தோட்டம் வெச்சு, வைன் தயாரிக்கிறவர். வைன் வாங்குறவங்களுக்கு நீளக் குச்சி வெச்ச தீப்பெட்டி ஒண்ணு அன்பளிப்பாக் குடுக்கணுமாம். குச்சித் தலையில இருக்கிற மருந்து, அந்த வைனோட கலர்லயே இருக்கணுமாம். அவர்கிட்ட மூணு வைன் இருக்கு. எந்த வைன் கலர்ல போடுறதுன்னு நேர்ல வந்து, நம்மளோட உக்காந்து ருசி பாத்து முடிவு பண்ணுவாராம். மருந்து கலக்குறவனுக்கும் வைன் கலக்குறவனுக்கும் மூக்கு ஒண்ணுதான்னு வேற எழுதியிருந்தார்.

எங்க முதலாளி அண்ணாச்சிக்குத் தலைகால் புரியலை.

"ஏலே கணேசா, இந்த ஆர்டர் கெடைச்சா நீ நெசமாவே எக்ஸ்போர்ட் மேனேஜர். கெடைக்கலேன்னு வையி, பழையபடி லேபிள் எண்ணப் போயிரணும், பாத்துக்க."

லேபிள் எண்ணுற இடத்துல ஃபேன் கிடையாது. எங்க ஊர் வெயில் தெரிஞ்சவங்களுக்கு அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை.

பாட்டில் மூணும் கூரியர்ல முன்னாடியே வந்துருச்சு. கூடவே ஒரு காகிதத்துல, எப்படி ருசி பாக்கணும்னு வரிசையா எழுதியிருந்துச்சு. ஒரு மணி நேரம் முன்னாடி திறந்து வைக்கணும், அது மூச்சு விடணும். அப்புறம் வெள்ளைக் காகிதத்துக்கு எதிர்ல பிடிச்சுக் கலரைப் பாக்கணும். கிளாஸை ஆட்டணும். மோந்து பாக்கணும். வாயில வெச்சு உருட்டணும். அப்புறம் துப்பணும்.

துப்பணுமா!

பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் இல்லையா, ஏதோ தப்பா எழுதிட்டார்னு முடிவு பண்ணினேன். அண்ணாச்சிக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்லும்போது அந்த வரியை விட்டுட்டேன். படிச்ச திமிர்னு சொல்வாங்கல்ல, அது இதுதான்.

காலையில ஒன்பதரைக்கு வேலையை ஆரம்பிச்சேன். பாட்டில் வாயில கார்க். சோடா பாட்டில் மாதிரி கோலியும் இல்லை, கலர் பாட்டில் மாதிரி மூடியும் இல்லை. நகத்தால நோண்டினேன். பல்லால கடிச்சேன். ஆணியை இறக்கி இழுத்தேன், ஆணி மட்டும் வந்துச்சு.

ஃபிட்டர் சுடலையைக் கூப்பிட்டேன். மனுசன் பாட்டிலைச் சுத்திச் சுத்திப் பாத்தார்.

"இதை வெளிய இழுக்கிறது கஷ்டம். உள்ள தள்ளிருவோமா?"

"தள்ளலாமா?"

"தள்ளுனா பாட்டில் தொறந்துரும்லா? அவிய தொறக்கத்தான சொல்லியிருக்காவ?"

நியாயமாத்தான் பட்டுச்சு. திருப்புளியோட கைப்பிடியை வெச்சு ஒரே அமுக்கு! கார்க் உள்ள போச்சு, உள்ள இருந்தது வெளிய வந்துச்சு. என் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் சிவப்பு!

சுடலை ஒரு அடி பின்னால போய் நின்னு பாத்தார். "எக்ஸ்போர்ட் மேனேஜர் மாதிரி இல்ல. கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போற ஆள் மாதிரி இருக்கிய."

மத்த ரெண்டு பாட்டிலையும் அதே முறையில திறந்தோம். அனுபவம் வந்துட்டதால, அப்ப சுடலை சட்டையும் நனைஞ்சுச்சு.

வைன்ல கார்க்குத் தூள் மிதந்துச்சு. எதிர் டீக்கடையில வடிகட்டியும் ஒன்பது கிளாஸும் வாங்கிட்டு வந்தேன். வடிகட்டியை ஏழு தடவை கழுவியும் ஏலக்காய் வாசம் போகலை. இருக்கட்டும், பிரான்ஸ்காரருக்கு ஏலக்காய் புதுசாத்தானே இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

அண்ணாச்சி உள்ள வந்தார். சட்டையைப் பாத்தார். கிட்ட வந்து மோந்து பாத்தார்.

"ஏலே, இது சாராயமாலே? நான் சாமிக்கு மாலை போடாத மாசத்துலயும் தொடமாட்டேனே!"

"திராட்சைச் சாறுதான் அண்ணாச்சி. கொஞ்சம் வயசான சாறு."

"சரி. நான் சொல்லுததைக் கேட்டுக்க. விருந்தாளி நம்மளை மதிச்சு அவ்வளவு தூரத்துல இருந்து அனுப்பியிருக்காரு. குடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது. மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது. புரியுதா?"

புரிஞ்சுச்சு அண்ணாச்சி. ரொம்ப நல்லாவே புரிஞ்சுச்சு.

மிஷேல் வந்தார். ஒல்லியா, வெயில்ல காஞ்சு கறுத்து, கை ரெண்டும் காய்ப்புக் காய்ச்சு, பருத்திக் காட்டுல நின்னா நம்ம ஆள்னே சொல்லிரலாம். நீலக் கண்ணுதான் காட்டிக்குடுக்கும். கார்க்கெல்லாம் பாட்டிலுக்குள்ள மிதக்கிறதைப் பாத்துட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டார். அப்புறம் ஒரு காலி வாளி கேட்டார். கை கழுவப் போறார்னு நினைச்சு நான் தண்ணியும் சோப்பும் சேர்த்துக் கொண்டு போய் வெச்சேன்.

முதல் பாட்டில். கிரெனாஷ்னு ஒரு திராட்சை மட்டும். லேபிள் காகிதத்துக்கு எதிர்ல பிடிச்சா நன்னாரி சர்பத் கலர்ல இருந்துச்சு. மிஷேல் ஆட்டினார், மோந்தார், வாயில உருட்டினார், வாளியில துப்பினார்.

அண்ணாச்சி என் காதுல கிசுகிசுத்தார். "பாவம்லே. அவரு சரக்கு அவருக்கே பிடிக்கல போலுக்கு."

"ஆமா அண்ணாச்சி."

"நாமளாவது குடிப்போம். மனுசன் மனசு சங்கடப்படக் கூடாது."

சொல்லிட்டு கிளாஸைத் தலைக்கு மேல தூக்கி, உதட்டுல படாம அண்ணாந்து ஊத்தினார். ஒரே தாரையா முழுக் கிளாஸும் உள்ள போச்சு! நானும் அண்ணாந்து ஊத்தினேன். கிளாஸ்ல வாய் வெச்சுக் குடிச்சா எச்சில் இல்லையா? இதுல எங்க மோக்குறது, எங்க உருட்டுறது?

மிஷேல் வாயைப் பிளந்துட்டார். அவர் ஊர் மலைப் பக்கம் பெரியவங்க இப்படித்தான் குடிப்பாங்களாம். ஆனா ருசி தெரியாதே, தயவுசெஞ்சு வாயில நிறுத்துங்கன்னு கையெடுத்துக் கும்பிடாத குறையாச் சொன்னார். மறுபடி ஊத்தினார்.

"வாயில வெச்சுக் கொப்புளிச்சு, அதையே முழுங்கணுமா? என்ன கருமம்லே இது!"

சொன்னாலும் அண்ணாச்சி செஞ்சார். கன்னம் ரெண்டும் உப்புச்சு. கண்ணை மூடினார். திறக்கும்போது முகமே வேற மாதிரி இருந்துச்சு.

"ஏலே... எலந்தப்பழம்!"

நான் மொழிபெயர்த்தேன். எலந்தப்பழத்துக்கு இங்கிலீஷ் தெரியாம, காட்டுல முள்ளுக்குள்ள காய்க்கிற சின்னப் பழம்னு சொன்னேன். மிஷேல் எந்திரிச்சே நின்னுட்டார். கிரெனாஷ்னா அதேதானாம்! தண்ணியே பாய்ச்ச மாட்டாங்களாம். கல்லுக் காடு, காஞ்ச காத்து, வெயில்தானாம்.

"மானாவாரியா!" அண்ணாச்சி மேஜையைத் தட்டினார். "அப்பம் நம்ம பயதான். இன்னொரு கிளாஸ் ஊத்தச் சொல்லு!"

இங்கதான் நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை. மரியாதைக்காக நானும் ஒண்ணு.

ரெண்டாவது பாட்டில். கிரெனாஷோட சிராங்கிற இன்னொரு திராட்சையையும் சேத்த கலவை. நாவப்பழம் தின்ன நாக்கு கலர். மிஷேல் துப்பினார், நாங்க முழுங்கினோம். அதுக்குள்ள எனக்குக் காது சூடாகி, மேஜை லேசா மணியாச்சி பாசஞ்சர் ரயில் மாதிரி ஆட ஆரம்பிச்சிருச்சு. ஆனா என்ன ருசிங்கிறீங்க! முன்னால இனிப்பா வருது, நடுவுல மிளகு தட்டுது, போகும்போது காஞ்ச துளசி வாசத்தை விட்டுட்டுப் போகுது. ஏலக்காயும் இருந்துச்சு. அது எங்க வடிகட்டி.

அண்ணாச்சி எங்க ஆபீஸ்ல மருந்தை மோந்து பாத்தே எது கூடிருச்சு, எது குறைஞ்சிருச்சுன்னு சொல்லிருவார். முப்பது வருஷ மூக்கு. அந்த மூக்கைக் கிளாஸுக்குள்ளயே விட்டுட்டு உக்காந்திருந்தார்.

மூணாவது பாட்டில். மூணு திராட்சைக் கலவை. நல்ல கறுப்பு. இதுதான் இருக்கிறதுலயே விலை ஜாஸ்தி, இந்தக் கலருக்குத்தான் தீப்பெட்டி போடலாம்னு யோசனைன்னு மிஷேல் சொன்னார். ஊத்தினோம். உருட்டினோம். முழுங்கினோம்.

அண்ணாச்சி கிளாஸைக் கீழ வெச்சார்.

"எப்படி இருக்கு?" மிஷேல் கேட்டார்.

"ஏலே கணேசா, நான் சொல்லுததை அப்படியே சொல்லு. முதல்லது நல்ல பய, ஆனா தனியா நிக்கத் தெம்பு பத்தல. ரெண்டாவது இருக்கே, அதுதான் கலவை! ஒருத்தன் பேசுதான், இன்னொருத்தன் கேக்கான், பொறவு மாத்திப் பேசுதாவ. மூணாவது வெளங்காது. மூணாவதா வந்த பய நட்டநடுவுல சம்மணம் போட்டுக்கிட்டு, மத்த ரெண்டு பேரையும் வாயைத் தொறக்க விட மாட்டேங்கான். மருந்துல இப்படி ஒண்ணு தூக்கலா நின்னா குச்சி பத்தாது, புகையத்தான் செய்யும்."

நிதானத்துல இருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? 'மூணும் அருமை சார்'னு சொல்லி ஆர்டரை வாங்கியிருப்பேன். நான்தான் நிதானத்துல இல்லையே! ஒரு வார்த்தை விடாம, கையை ஆட்டி ஆட்டி, வெளங்காதுங்கிறது வரைக்கும் மொழிபெயர்த்தேன். சம்மணம் போட்டுக் காட்ட நாற்காலி மேலயே ஏறி உக்காந்து, கீழயும் விழுந்தேன்.

தரையில கிடந்தபடி நிமிந்து பாத்தேன். மிஷேல் முகத்துல சிரிப்பு இல்லை. ஃபேன் இல்லாத அந்த ரூம் என் கண்ணுக்குள்ள வந்துருச்சு.

மிஷேல் மெதுவா எந்திரிச்சார். மூணாவது பாட்டிலைக் கையில எடுத்தார். எங்க தலையில அடிக்கப் போறார்னே நினைச்சேன்.

"இது," பாட்டிலைத் தட்டிக் காட்டினார், "என் மனைவியோட தம்பி கலந்தது."

நான் தரையில இருந்தே மொழிபெயர்த்தேன். "அவரு மச்சினன் கலந்ததாம் அண்ணாச்சி."

மிஷேல் பாட்டிலை மேஜையில வெச்சார்.

"ஆறு வருஷமாச் சொல்றேன், அதுல அந்த மூணாவது திராட்சை ஜாஸ்தின்னு. வீட்டுல யாரும் கேக்கலை. எனக்கு நாக்கு சரியில்லைங்கிறாங்க." மிஷேல் கண்ணுல தண்ணி!

அண்ணாச்சிக்கும் ஒரு மச்சினன் உண்டு. கல்யாணத்தப்போ பத்து நாள் ஒத்தாசைக்குன்னு வந்தவர், இருபத்திரெண்டு வருஷமா எங்க பேக்கிங் செக்ஷனைப் பாத்துக்கிட்டிருந்தார். அண்ணாச்சி எந்திரிச்சுப் போய் மிஷேலை அப்படியே கட்டிப் பிடிச்சார். பிரெஞ்சுல அவர் ஏதோ சொல்ல, தமிழ்ல இவர் ஏதோ சொல்ல, ரெண்டு பேரும் தலையைத் தலையை ஆட்டினாங்க. மொழிபெயர்க்க என்னைத் தேடவே இல்லை.

அன்னைக்கே ஆர்டர் கையெழுத்தாச்சு. ரெண்டாவது வைன் கலர்தான். மாதிரிக்குக் கலரைப் பாக்க என் சட்டையில அந்த வைன் பட்ட இடத்தை வெட்டிக் குடுத்தேன்.

மிஷேல் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மூணாவது வைனைப் பத்தி அண்ணாச்சி சொன்னதை இங்கிலீஷ்ல டைப் அடிச்சு, கம்பெனி சீல் வெச்சுக் குடுக்கணும், வீட்டுல காட்டணுமாம்.

மறுநாள் வலிக்கிற தலையோட டைப் அடிக்க உக்காந்தேன். அண்ணாச்சி பின்னாலயே வந்து நின்னார்.

"ரெண்டா அடிலே."

"ஒண்ணு நம்ம ஃபைலுக்கா அண்ணாச்சி?"

"இல்ல. அதுல வைன்னு வர்ற எடத்துல எல்லாம் பேக்கிங் செக்ஷன்னு போடு."