இங்கிலீஷ் தெரியாத மாமா

கூச்ச சுபாவம் உள்ளவனிடம் ஒரு பொய்யைக் கொடுத்துக் காப்பாற்றச் சொல்லக் கூடாது. வாயைத் திறக்கமாட்டான் என்று நம்பித்தான் கொடுப்பார்கள். காட்டிக்கொடுக்க வாய்தான் வேண்டுமா என்ன?

கனடாவில் இருக்கும் என் தங்கச்சிக்கு, மகள் மித்ரா தமிழை மறந்துவிடுவாளோ என்று கவலை. இவள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். "போடியில இருக்கிற மாமாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அவர்கிட்ட தமிழ்லதான் பேசணும்" என்று மகளிடம் சொல்லிவிட்டாள்.

எனக்கு அது பெரிய அவமானம். படிப்பு பத்தாம் வகுப்புதான். ஆனாலும் நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடைக்கு வடநாட்டு வியாபாரிகள் வந்தால் ஆங்கிலம் பேசி அனுப்புவது நான்தான் (மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்). இருந்தாலும் பிள்ளைக்காக ஒத்துக்கொண்டேன். வாரா வாரம் போனில் என்னோடு பேசியே அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது. அதுவும் போடித் தமிழ்.

பதினோரு வயதில் ஆடி மாதம் லீவுக்கு வந்தாள். என் எதிரிலேயே உட்கார்ந்து தோழியோடு போனில் ஆங்கிலத்தில் என்னைப் பற்றி வர்ணனை. மாமா தலையில் இருக்கும் எண்ணெயில் மீன் பொரிக்கலாமாம். மாமா குறட்டை, ரிவர்ஸ் எடுக்கும் லாரியாம். நான் முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு காபி குடித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. ராத்திரி மொட்டை மாடியில் போய்ப் படுத்தேன். பரோட்டா ஆசையாக இருக்கிறது என்று தோழியிடம் சொன்னாள்; சாயங்காலம் பொட்டலத்தோடு வந்து நின்றேன். எவ்வளவு நல்ல மாமா என்று நினைத்திருப்பாள் என்று எனக்குள் பெருமை. அவள் வேறு கணக்குப் போட்டிருக்கிறாள்.

அந்த வாரமே போடிமெட்டுக்கு மேலே, தெரிந்தவர் ஒருவரின் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் கூட்டிப்போனேன். காய் பறிக்கும் பெண்கள் பத்துப் பேர், மேற்பார்வைக்கு ஒரு கங்காணி. மித்ரா பின்னால் நின்று, தோழிக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தாள். மழை பெய்கிறது என்று சொல்வதுபோல நிதானமாக, மாமாவின் கால் பக்கத்தில் ஒரு பாம்பு இருக்கிறது, பாவம் அவருக்குத் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அடுத்த நொடி நான் தரையில் இல்லை. கங்காணியின் முதுகில் இருந்தேன். அவர் என்னைச் சுமந்துகொண்டு நாலடி ஓடி, இருவருமாகச் சேற்றில் விழுந்தோம்.

"என்னண்ணே, என்னாச்சு?" என்றார் அவர், எனக்கு அடியிலிருந்து.

"பாம்பு."

"யாரு சொன்னா?"

நான் சேற்றில் என் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையே. இந்தப் பாப்பாதேன் இங்கிலீசுல என்னமோ பேசுச்சு" என்றார் காய் பறித்த அக்கா ஒருவர்.

மித்ரா இடுப்பில் கை வைத்தாள். "பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இத்தன வருஷமா ஏமாத்திட்டீங்க மாமா. இனிமே நான் எதுக்குத் தமிழ் பேசணும்? ரெண்டு பேரும் இங்கிலீஷ்லயே பேசுவோம்."

தங்கச்சியிடம் என்ன சொல்வேன்? ஆனால் என் புத்தியைப் பாருங்கள், அந்த நேரத்திலும் ஓரத்தில் ஒரு சந்தோஷம். இனி மறைக்க வேண்டியதில்லையே. சேற்றைத் துடைத்துக்கொண்டு, ஏலச்செடி எப்படிக் காய்க்கிறது என்று ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கினேன். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்த்தார்கள். மித்ரா நெற்றியைச் சுருக்கிக் கவனமாகக் கேட்டாள். பிறகு மெதுவாக என் கையைப் பிடித்தாள்.

"மாமா, நீங்க தமிழ்லயே சொல்லுங்க. எனக்கு அதுதான் புரியுது."

அதன் பிறகு அவள் என்னிடம் ஆங்கிலத்தில் பேசியதே இல்லை. போன வருடம் கனடா போயிருந்தேன். ஒரு கடையில் செருப்பு கேட்டேன், ஆங்கிலத்தில். கடைக்காரர் மித்ராவைப் பார்த்தார். அவள் அதை அவருக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வெரசா ஒண்ண எடுங்க மாமா, மனுசன் பயந்துட்டாரு" என்றாள்.

தங்கச்சி வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் இந்தக் கதைதான். அப்புறம்தான் காபி.