நூற்றுக்கு நூறு வருகை

"நாலாம் வகுப்புல ஒண்ணு குறையுது, மேடம்."

பள்ளி அலுவலகத்தில் இருக்கும் ஒர்சுலா இதைச் சொன்னபோது, தலைமையாசிரியை ஜெனிவீவ் குபியாக் பான்கேக்கின் மேல் பாகு ஊற்றிக்கொண்டிருந்தார். பாகு பான்கேக்கைத் தாண்டி, தட்டைத் தாண்டி, அவருடைய பூனைப்படம் போட்ட பைஜாமாவில் வழிந்தது. அன்று திங்கட்கிழமை, பைஜாமா தினம். குழந்தைகள் எல்லாரும் படுக்கையிலிருந்து எழுந்தபடியே பள்ளிக்கு வரலாம். தலைமையாசிரியையும் வரலாம் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆனால் குபியாக் அம்மையாருக்குக் குழந்தைகளோடு குழந்தையாகப் பழகுவதில், அதுவும் போட்டோ எடுக்கிற நாட்களில், தனி விருப்பம் உண்டு.

"குறையுதுன்னா?"

"செசிலியா பாவ்லக். பேரைக் கூப்பிட்டப்ப சத்தமே இல்லையாம்."

அம்மையார் பாகுக் குப்பியைக் கீழே வைத்தார். அது வருடாந்தர 'கத்தோலிக்கப் பள்ளிகள் வாரம்'. அந்த வாரத்தில் ஒரு பிள்ளைகூட விடுப்பு எடுக்காத பள்ளிக்கு மறைமாவட்டம் ஒரு கேடயம் கொடுக்கிறது. அது சில வருடங்களாகப் பக்கத்து ஊர் புனித பிளேசியுஸ் பள்ளியில் குடியிருந்தது. அங்கே தலைமையாசிரியை டெல்ஃபின், அம்மையாரோடு ஒரே கல்லூரியில் படித்தவள். கேடயத்தை உள்ளே மாட்டாமல், நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரனுக்கும் தெரியும்படி வாசலில் மாட்டி, விளக்கும் போட்டிருந்தாள். அடுத்த வருடம் இரண்டு பள்ளிகளில் ஒன்றை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வேறு இருந்தது. எதை என்று முடிவு செய்யப்போகிற, மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் வெள்ளிக்கிழமை வருகிறார்.

"வீட்டுக்கு போன் போட்டியா?"

"போட்டேன். அவங்க தாத்தா எடுத்தாரு. 'எனக்கு இன்சூரன்ஸ் எதுவும் வேணாம்'னு வெச்சிட்டாரு. மேடம், எதுக்கும் ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"ஃபாதருக்கு அடக்கப் பூசை இருக்கு. செத்தவங்களைப் பத்தி அவரு கவலைப்படட்டும். வராதவங்களைப் பத்தி நான் கவலைப்படுறேன்."

பைஜாமாவின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, பனி குவிந்த தெருவில் அம்மையார் காரைக் கிளப்பினார்.

பாவ்லக் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. கதவைத் திறந்த தாத்தாவுக்குக் காது மந்தம். வந்தவளின் பூனைப் பைஜாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளைய ஏன் ஸ்கூலுக்கு அனுப்பல?" என்று அம்மையார் கத்தினார்.

"கூலா? ஆமா, நல்ல குளிருதான்."

"ஸ்கூல்! பிள்ளை எங்க?"

"அதோ கிடக்கா சோபாவுல. கூட்டிட்டுப் போறதுன்னா கூட்டிட்டுப் போ தாயி, புண்ணியமாப் போகும். காலைலேருந்து கார்ட்டூனைப் போட்டு என் உசுர எடுக்குறா."

சோபாவில் போர்வைக்குள்ளிருந்து ஒரு சிறுமி தலையை நீட்டினாள். வெளிறிய முகம், கலைந்த சடை, டைனோசர் பைஜாமா. செசிலியா பாவ்லக்கின் முகம் எப்படி இருக்கும் என்று அம்மையாருக்குத் தெரியாது. பள்ளியில் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் தனக்கு அத்துப்படி என்று பெற்றோர் கூட்டத்தில் அவர் சொல்வது உண்மைதான். பெயர்தான் அத்துப்படி. முகங்கள் அவருடைய கண்மட்டத்துக்குக் கீழே இருந்தன.

"எழுந்திரு. பூட்ஸ போடு."

"எங்க ஸ்கூல்ல வந்து..."

"என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். பான்கேக் ஆறிப்போகுது."

பான்கேக் என்றதும் சிறுமி மறுபேச்சில்லாமல் பூட்ஸைப் போட்டுக்கொண்டாள். காரில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கு."

"ஆண்டவர் சிலுவையில தொங்கினப்ப வயிறு ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னாரா?"

சிறுமி யோசித்தாள். "சொல்லல. ஆனா அவரு முந்தின நாள் ராத்திரி பூரா வாந்தி எடுக்கலையே."

நாலாம் வகுப்பு ஆசிரியை கால் சுளுக்கி வீட்டில் இருந்ததால், ஓய்வுபெற்ற சிஸ்டர் யூலாலியா வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எல்லாக் குழந்தைகளையும் 'தேவதையே' என்றுதான் கூப்பிடுவார், ஆணா பெண்ணா என்ற சிக்கல் வராது பாருங்கள். அம்மையார் சிறுமியைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளியதும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. முதல் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"மிஸ், அது வந்து..."

"கையை இறக்கு! உடம்பு முடியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறதா? இதான் நாம படிக்கிற வேதமா? இனிமே இந்தப் பிள்ளையைப் பத்தி யாராவது வாயைத் திறந்தீங்க, வாரம் பூரா விளையாட்டு கிடையாது."

பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். மத்தியானம் சிஸ்டர் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குச் சொல்லியனுப்பினார்: "எண்ணிக்கை நிறைஞ்சிருக்கு. சொல்லப்போனா, கொஞ்சம் தாராளமாவே இருக்கு."

அம்மையார் மார்தட்டிக்கொண்டார். அந்தப் பெருமை, தின்ற மூன்று பான்கேக்கையும் சிறுமி வகுப்பு நடுவில் திருப்பிக் கொடுக்கும் வரை நீடித்தது.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை.

"நாலாம் வகுப்புல பாதிப் பேருக்கு வாந்தி, மேடம். வரமாட்டாங்களாம்."

"வரமாட்டாங்களா? விதி என்ன சொல்லுது? பள்ளி வளாகத்துக்குள்ள இருந்தா வருகை. உட்கார்ந்திருக்கணும்னோ, படிக்கணும்னோ எங்கயாவது இருக்கா?"

"வாந்தி எடுக்கக் கூடாதுன்னும் இல்லதான்" என்றாள் ஒர்சுலா.

அம்மையார் பேருந்தை அனுப்பினார். பேருந்தில் பழைய ஐஸ்கிரீம் வாளிகளை அனுப்பினார், இருக்கைக்கு ஒன்றாக. விளையாட்டுக் கூடத்தில் உடற்பயிற்சி மெத்தைகளை வரிசையாக விரிக்கச் சொன்னார். வாசலில் 'தியானக் கூடம்' என்று பலகை மாட்டினார். பெற்றோருக்கு ஒரு செய்தியும் போனது: இந்த வாரம் நம் குழந்தைகள் தங்கள் சிறு துன்பங்களை உலக அமைதிக்காக ஒப்புக்கொடுக்கிறார்கள், இந்த அருளை உங்கள் பிள்ளை இழக்க வேண்டுமா?

எந்தப் பெற்றோரும் தம் பிள்ளை இழக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் வேலைக்கு லீவு போட வேண்டுமே என்பதும் ஒரு காரணம்.

மெத்தையில் படுத்த பிள்ளைகளுக்குத் துணையாக நன்றாக இருந்த பிள்ளைகளையும் அதே கூடத்தில் உட்கார வைத்தார் அம்மையார். தனியாக விட்டால் மனசு சோர்ந்துவிடுமாம். புதன்கிழமை துணைக்கு வந்தவர்களுக்கும் மெத்தை தேவைப்பட்டது. அன்று மாலை முதியோருக்கான பிங்கோ எண் விளையாட்டும் அதே கூடத்தில்தான் நடந்தது. ரத்துசெய்தால் டெல்ஃபின் காதுக்கு விஷயம் போய்விடும் என்று அம்மையார் பயந்தார். வியாழக்கிழமை பங்குக் கோயிலின் முதியவர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். ஆனால் முதியவர்கள் வருகைக் கணக்கில் இல்லை என்பதால் அம்மையார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் நடுவில் டைனோசர் பைஜாமாச் சிறுமி மட்டும் செவ்வாய்க்கிழமையே தெளிந்துவிட்டாள். அம்மையார் தினமும் தானே போய் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பேருந்தை நம்பி விட்டால் திரும்பவும் மட்டம் போட்டுவிடுவாளோ என்று சந்தேகம். அவளும் வாசலிலேயே தயாராக நிற்பாள். ஏறியதும் ஒரே கேள்விதான்.

"இன்னிக்கு டோனட் உண்டா?"

வியாழக்கிழமை சாயங்காலம் ஒர்சுலா தட்டுத்தடுமாறி அம்மையாரின் அறைக்கு வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"மேடம், அந்த செசிலியா விஷயம் ஒண்ணு சொல்லணும்..."

"அவளால ஒரு கவலையும் இல்ல. நானே நேர்ல போய்க் கூட்டிட்டு வர்றேன்ல?"

"அதான் மேடம். நீங்க கூட்டிட்டு வர்றது..." அதற்குமேல் ஒர்சுலாவால் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. ஊழியர்களும் கணக்கில் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆயர் வந்தார். விளையாட்டுக் கூடத்தில் திருப்பலி. முன்வரிசையில் விருந்தாளியாக டெல்ஃபின், இந்த வாரம் அவள் பள்ளியில் ஒரு பிள்ளை பனியில் சறுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்ட துக்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க அம்மையாருக்குக் காலையிலிருந்து புரட்டிக்கொண்டிருந்த வயிறுகூடச் சமாதானமானது.

பாடகர் குழு திறந்த வாயோடு பாடியது, சிலர் பாடுவதற்காக, சிலர் எந்த நேரமும் வாந்தி வரலாம் என்பதற்காக. மறையுரைக்கு நடுவில் மூன்று வாளிகள் பயன்பட்டன. ஆயர் பெருந்தன்மையோடு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இந்தப் பிள்ளைகளோட முகத்துல தவத்தோட களை தெரியுது" என்றார் அவர். "தவக்காலம் வரதுக்கு முன்னாடியே!"

பூசை முடிந்ததும் கேடயத்தை மேசைமேல் வைத்தார்கள். அம்மையார் ஒலிபெருக்கியைப் பிடித்தார். பிடித்தால் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"ஆயர் அவர்களே, எங்களுக்கு ஒவ்வொரு குழந்தையும் முக்கியம். திங்கட்கிழமை ஒரே ஒரு குழந்தை வரல. ஒரே ஒண்ணுதானேன்னு நான் விட்டிருக்கலாம். விடல. உடுத்தின துணியோட, இந்தக் குளிர்ல, அவ வீட்டுக்கே போனேன். நோய்ப் படுக்கையிலேருந்து என் கையால தூக்கிட்டு வந்தேன். அன்னிலேருந்து இன்னி வரைக்கும் அந்தக் குழந்தை ஒரு நாள்கூடத் தவறல. இந்தக் கேடயத்தை அவளே வாங்கட்டும்!"

சொன்னதோடு நிற்காமல் நாலாம் வகுப்பு வரிசையில் புகுந்து, சிறுமியைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அவள் வாயில் டோனட், கையில் இன்னொன்று. பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். டெல்ஃபின்கூடத் தட்டினாள், ஒரு விரலால் இன்னொரு விரலை.

ஆயர் நெகிழ்ந்துபோனார். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு, அம்மையார் எழுதிக்கொடுத்த பெயரைக் கணீரென்று வாசித்தார்.

"செசிலியா பாவ்லக்!"

"சொல்லுங்க ஆயரே" என்றது அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆயரின் செங்கோலைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை அங்கியில் நின்ற பீடச் சிறுமி ஓரடி முன்னால் வந்தாள்.

"உன்னைக் கூப்பிடலம்மா. செசிலியாவைக் கூப்பிட்டேன்."

"நான்தான் செசிலியா."

நாலாம் வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அம்மையாரின் நெற்றியில் வேர்த்தது.

"நீ... நீ திங்கட்கிழமை வரலையே?"

"வந்தேனே, மேடம். அடக்கப் பூசையில உதவி செய்ய ஃபாதர் கூட்டிட்டுப் போனாரு. கோயில்ல நின்னாலும் வருகைதான்னு ஒர்சுலா மிஸ்கிட்ட நேத்துகூடச் சொன்னாரே. அப்புறம் தினமும் வகுப்புலதான் இருக்கேன். நீங்க தினமும் வந்து எட்டிப் பார்த்தீங்க."

கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். வாளியில் விழுந்தது மட்டும் கேட்டது. திங்கட்கிழமை யாருமே குறையவில்லை என்பது அம்மையாரின் மண்டைக்குள் மெதுவாக இறங்கியது. ஆனாலும் கேடயம் கேடயம்தானே, எண்ணிக்கை நிறைந்துதானே இருக்கிறது என்று அவர் ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் மேசையையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

ஆயர் குனிந்து, மேடையில் நின்ற சிறுமியைப் பார்த்தார். "அப்ப நீ யாரும்மா?"

சிறுமி டோனட்டை விழுங்கினாள். இந்த வாரத்தில் அவளிடம் யாராவது இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"நான் ஹேஸல், இவளோட சித்தி பொண்ணு. நான் கவர்மென்ட் ஸ்கூல். எங்க ஸ்கூல்ல இந்த வாந்திதான் எல்லாருக்கும் பரவுதுன்னு, ஒருத்தரும் வீட்டை விட்டு வெளிய வரக் கூடாதுன்னு சொல்லி, போன வாரமே இழுத்துப் பூட்டிட்டாங்க."