சோப்புக்கு அதிர்வு ஏற்றியவர்

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம்! பிஸ்கட் கம்பெனி முதலாளி, பெயின்ட் கம்பெனி முதலாளி, செருப்புக் கம்பெனி முதலாளி எல்லோரும் கார்களை நடுத்தெருவில் விட்டுவிட்டு, சரக்குப் பெட்டிகளைத் தாங்களே சுமந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். எதற்கு? அதிர்வு ஐயாவைப் பார்க்க!

அதிர்வு ஐயா மகா ஆராய்ச்சியாளர். போன வருடம் வரை பேய் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது அரசாங்கம் ஓர் அறிவிப்பு விட்டது: ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும் கம்பெனிகளுக்கு வரி குறையும். நல்ல எண்ணம்தான். புதுப் பொருள் வரும், வேலை பெருகும், நாடு செழிக்கும். எது ஆராய்ச்சி என்று சொல்லத்தான் மறந்துவிட்டார்கள். மறுநாளே பேய்களுக்கெல்லாம் விடுமுறை. வாசலில் 'அதிர்வு ஆராய்ச்சி நிலையம்' என்று பலகை தொங்கியது.

சரக்கை இருட்டறையில் வைப்பார். 'அதிர்வு' ஏறும். பிறகு வளைந்த இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அதன்முன் நிற்பார். கம்பிகள் ஒன்றையொன்று கட்டித் தழுவும். முடிந்தது ஆராய்ச்சி! கட்டணம், ரசீது, வரிச் சலுகை. நம்பி வந்தவர்கள் பாதி. ரசீதுக்காக நம்பியவர்கள் மீதி.

சோப்புக் கம்பெனி முதலாளி முழுசாக நம்பிய ரகம். அவருடைய அக்காதான் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தை நடத்தியவர். உப்புத் தண்ணீரிலும் நுரைக்கிற சோப்புக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர். தம்பி அந்த ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டார்.

"எதுக்குக்கா அவ்வளவு கஷ்டம்? ஐயா ஒரே நாள்ல முடிச்சுடறாரு!"

"நுரை வருதாடா?"

"நுரை வரலைன்னா என்ன, அதிர்வு வருதே!"

அக்காவோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சலுகை கொடுத்தே வரி வசூல் படுத்துவிட்டதால், பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குத் தரும் பணத்தையும் அரசாங்கம் வெட்டியிருந்தது. அங்கேயும் வேலை இல்லை. அக்கா நேரே வரி அலுவலகத்துக்குப் போய், பெண் அதிகாரி ஒருவரைக் கையோடு அழைத்துவந்தார்.

நிலையத்தின் மேடையில் மூன்று மூடிய டப்பாக்களை வைத்தார்.

"ஐயா, அதிர்வு ஏறின சரக்கு எதுல இருக்குன்னு உங்க கம்பி சொல்லட்டும். உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் மேடத்துக்கும்தான் தெரியும்."

"பூ, இவ்வளவுதானா?" என்று ஐயா எழுந்தார். கூட்டம் கைதட்டியது.

முதல் டப்பா. கம்பி அசையவில்லை. இரண்டாவது. அசையவில்லை. மூன்றாவது டப்பாவின்முன் கம்பிகள் பாய்ந்து தழுவின! பிஸ்கட் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒற்றைச் செருப்பு.

"ஐயோ, அது என்னுதாச்சே!" என்று ஐயாவே கத்திவிட்டார். வாசலில் கழற்றிவிட்டு வந்தது.

ஆனால் சாமர்த்தியசாலி. சட்டென்று நிமிர்ந்தார். "என் பாதம் பட்ட செருப்பு! அதிர்வு இல்லாம இருக்குமா?"

மறுபடியும் கைதட்டல். செருப்புக் கம்பெனி முதலாளி எழுந்தே நின்றுவிட்டார்.

"சரி, ஒத்துக்கறேன்," என்றார் அக்கா. "மேடம், மத்த ரெண்டையும் திறங்க."

இரண்டிலும் சோப்புகள். எல்லாவற்றிலும் நிலையத்தின் முத்திரை.

"நேத்து உங்க இருட்டறையிலேர்ந்து என் தம்பி வாங்கிட்டு வந்த சோப்பு. இதைப் பாத்து உங்க கம்பி ஏன் தூங்குச்சு?"

ஐயா கம்பிகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், நிலையமே சிரிப்பில் வெடித்தது. ஐயா பின்வாசல் வழியாக வெறுங்காலோடு ஓடினார்.

"அக்கா, நான் முட்டாளாக்கா?" என்றார் தம்பி.

"சாதா முட்டாள் இல்லடா. வரிச் சலுகை வாங்கின முட்டாள்."

ரசீதுக்காக நம்பியவர்கள் மெல்ல நழுவப் பார்த்தார்கள். அதிகாரி வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் பெயரும் முகவரியும் கேட்டார். கொடுத்த சலுகை திரும்ப வசூலானது. சோதனை முடிவைக் காட்டினால்தான் இனி ஆராய்ச்சி என்று விதி வந்தது. ஆய்வுக்கூடம் திறந்தது, வேலை போனவர்கள் திரும்பினார்கள். சோப்பு இன்னும் பிரமாதமாக நுரைக்கவில்லை. ஆனால் போன மாதத்தைவிட நன்றாக நுரைக்கிறது!

ஐயா இந்நேரம் வேறு ஊரில் வேறு பலகை மாட்டியிருப்பார். அவருக்குப் போன பணம் முதலாளிகளின் பணம் மட்டும் என்று நினைத்துச் சிரிக்காதீர்கள். அது உங்கள் தெருவுக்கு வராமல் போன விளக்கு, உங்கள் பிள்ளைக்குக் கிடைக்காமல் போன வேலை. கைதட்டப் போகிறீர்களா? தாராளமாகத் தட்டுங்கள். அதற்கு முன்னால் உங்கள் தலையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். உள்ளே ஆள் இருக்கலாம்!