பூ வாங்கும் பைக்குக்காரர்

சிங்கப்பூரில் பைக் ஓட்டுகிறவர்கள் பலவகை. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர், விடிவதற்குள் மலேசியாவிலிருந்து ஜொகூர்ப் பாலம் தாண்டி வேலைக்கு வருபவர், இவர்களையெல்லாம் விடுங்கள். பாவம், பிழைப்புக்காக ஓட்டுகிறார்கள். நான் சொல்ல வந்தது வேறோர் இனம். ஆசைக்கு ஒரு பைக் வைத்துக்கொண்டு, அதற்குச் செலவழிக்கும் போதெல்லாம் வீட்டுக்குப் பூ வாங்கிப் போகிறவர்.

இவரை உங்களுக்கும் தெரியும். புக்கிட் பாத்தோக்கில் குடியிருப்பார். பெயர் ரத்னவேல் என்று வைத்துக்கொள்வோமே. ஞாயிற்றுக்கிழமை காலையில், "டயர்ல காத்து மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்" என்று மனைவி தேவகியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார். பட்டறையில் தொங்கும் புதுச் சைலன்சரைப் பார்ப்பார், தடவுவார், வேண்டாமென்று வெளியே வருவார், பிள்ளையின் டியூஷன் கட்டணத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார், ஹெல்மெட்டை மாட்டுவார், கழற்றுவார், திரும்ப உள்ளே போய் வாங்கியே விடுவார். வாங்கிய கையோடு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதற்கு மருந்து தேக்கா கடைத்தெருவில் இருக்கிறது.

அங்கேயும் ஒரு நியாயம் உண்டு, கேளுங்கள். ஆயில் மாற்றினால் ஒரு முழம் மல்லிகை. கண்ணாடி மாற்றினால் மல்லிகையோடு ஜிலேபி. சைலன்சர் என்றால் சேலை. தானே தீர்ப்புச் சொல்லி, தானே அபராதம் கட்டி, தானே விடுதலையாகி, சீட்டியடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறுவார். தேவகிக்கு எதுவும் தெரியாதென்று நினைப்பு. நினைப்புத்தான்!

போன மாதம் பாருங்கள், பட்டறைப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், ஒரு நட்டுகூட வாங்காமல், மனுஷன் பூவும் ஒரு ஜோடித் தங்கத் தோடுமாக வந்து நின்றார். வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கள்ளமில்லாமல் வாங்கிய பூ. பெட்டியைத் திறந்த தேவகிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தங்கமா? ஐயோ, என்னங்க, புது பைக்கே எடுத்துட்டீங்களா?"

"இல்ல லா! இன்னிக்கு நம்ம கல்யாண நாள்!"

"இத்தனை வருஷமா ஞாபகம் வராத நாளு, இன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

"சத்தியமா ஒண்ணும் வாங்கல, தேவகி."

"சைலன்சர் மாட்டினப்பவும் இதத்தான் சொன்னீங்க. நான் சேலையப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன்."

விடுவிடுவென்று கார்பார்க்குக்கு இறங்கினாள். பின்னாலேயே இவர் ஓடினார். வண்டியைச் சுற்றிவந்தாள், குனிந்து பார்த்தாள், சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். அதே பழைய வண்டி, அதே தேய்ந்த டயர். உண்மையைச் சொல்கிற அன்றைக்கு நம்ப ஆளில்லையே என்று ரத்னவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. இனி இவள் தன்னை எப்போதுதான் நம்புவாள்?

தேவகி நிமிர்ந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சரி, இதுல ஒண்ணும் மாத்தல. ஒத்துக்கறேன். அந்தப் புதுசை எந்த புளோக்கு கார்பார்க்குல நிறுத்தியிருக்கீங்க?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களிடம்தான் பைக் இல்லையே. கேமராவோ மீன்தொட்டியோ இருந்தால் அது வேறு கதை! ஆனால் அடுத்தமுறை பூவோடு வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் கவனியுங்கள். கதவைத் திறக்கிறவர் பூவைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்தால், ஐயா, நீங்களும் நம்ம ரத்னவேல்தான்.