எதெல்வினா அம்மா அர்த்தம் கேட்ட சொல்

ஆயர் இல்லத்துச் செயலாளரும் என் மைத்துனருமான அருட்தந்தை க்ளெமென்ஸியோ அவர்களுக்கு எவரார்தோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். புவேப்லாவில் மழையும் சுகமாகப் பெய்துகொண்டிருக்கிறது.

வருகிற சனிக்கிழமை என் மகள், உங்கள் மருமகள் ப்ரிஸ்காவுக்குக் கல்யாணம் அல்லவா? அன்று மழை வராமல் செபிக்கச் சொல்லி, ஊர் வழக்கப்படி செவ்வாயன்று பன்னிரண்டு முட்டையோடு புனித கிளாரா மடத்துக்குப் போனேன். சுவரில் இருக்கும் சுழல்பெட்டியில் முட்டையை வைத்து மணி அடித்தேன். பெட்டி உள்பக்கம் திரும்பியது. மடத்துத் தலைவி எதெல்வினா அம்மாவோடு இருபது வருடமாக இப்படித்தான் பேசுகிறேன். முகத்தைப் பார்த்ததே இல்லை.

"எவரார்தோ, நீங்க நோட்டரி ஆபீஸ்ல இருந்தவருதானே? கொன்வெந்தோ, கொன்வெந்தோன்னு நம்ம மடத்தைச் சொல்றாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்? எங்கேயிருந்து வந்த சொல்லு? பாத்துச் சொல்லுங்களேன்."

"இப்ப எதுக்கும்மா?"

"இப்பதான் கேக்கணும். உள்ள நாங்க ரெண்டே பேரு."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆள் குறைந்த மடங்களை மூடுவது உங்கள் ஆபீஸ் வேலைதானே! வாதாடத்தான் அர்த்தம் கேட்கிறார் என்று முடிவு கட்டி, பழைய முதலாளியிடம் கெஞ்சி லத்தீன் அகராதியை இரவல் வாங்கி, ஒரு டஜன் போதாது என்று உங்கள் அக்கா கொடுத்த இன்னொரு டஜன் முட்டையையும் சுமந்துகொண்டு, பஸ்ஸில் நின்றபடியே புரட்டினேனா, டிரைவர் பிரேக் போட்டான், முட்டை மொத்தமும் அகராதிக்குள். மஞ்சளைத் துடைத்துப் பார்த்தால், மச்சான், அந்தச் சொல்லுக்குள் கன்னியரே இல்லை! கூடி வருதல், அவ்வளவுதான். ரோமாபுரியில் வழக்குக்குக் கூடினாலும் அதே பெயராம். பிறகு துறவிகளின் கூட்டத்துக்கு ஆகி, அப்புறம் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கும் ஆகியிருக்கிறது. எத்தனை பேர் கூட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை!

நீயே சொல். பெண்ணைப் பெற்றவர்கள் எத்தனை பேர் அந்தப் பெட்டிக்கு முன்னால் முட்டையும் கையுமாக நிற்கிறோம்? நாங்கள் கூடி வரவில்லையா? மடத்தை மூடினால் உன் அக்கா இனி உனக்கு மோலே குழம்பு சமைத்துப் போட மாட்டாள். எனக்குக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

ஆயரின் மோதிரத்துக்கு என் முத்தம். உன் தலைக்கு மாதா காவல்.

இப்படிக்கு,
எவரார்தோ

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் மடத்துக்கு ஓடி அர்த்தத்தைச் சொன்னேன். "பயப்படாதீங்கம்மா, மடத்தைக் காப்பாத்தியாச்சு" என்றேன். உள்ளே ஒரே சிரிப்பு.

"யாரு காப்பாத்தச் சொன்னா? எங்களை அத்லிஸ்கோ மடத்தோட சேத்துவிடுங்கன்னு ஆயருக்கு எழுதினதே நான்தான். என்கூட இருக்கிற தொமித்திலாவுக்குப் படியேற முடியல. செபத்துல நான் பாதி சொன்னா மறுபாதி சொல்றதுக்குள்ள தூங்கிடறா. அங்க பதினோரு பேரு இருக்காங்க."

"அப்ப அர்த்தம் எதுக்கும்மா கேட்டீங்க?"

"அம்பத்தொரு வருஷம் இருந்த வீடு. பேருக்கு அர்த்தம் தெரியாமலே கிளம்பறதா?" என்றவர், 'கூடி வருதல்' என்று இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "அப்ப நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்."

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, மச்சான். அவர்களுக்கு வண்டி அனுப்பு. சனிக்கிழமைக்குப் பிறகு.