மாதாவின் பிக்கப்

“திருப்புங்கோ அண்ணை!”

யோசெப் அண்ணை சாவியைத் திருப்பினார். பிக்கப் கனைத்தது, செருமியது, பிறகு ஒரு பெருமூச்சோடு அடங்கியது.

“இன்னொருக்கா!”

இன்னொருக்காவும் அதே கதைதான்.

டினோஜன் பொனெற்றுக்குள் இருந்து தலையை எடுத்தான். எடுத்த வேகத்தில் உச்சந்தலை மேலே இருந்த கொக்கியில் இடித்தது. அந்தப் பிக்கப்பில் பிசகாமல் வேலை செய்த ஒரே பாகம் அந்தக் கொக்கிதான்.

“என்ன தம்பி, சரிவரேல்லையோ?”

யோசெப் அண்ணையின் குரலில் ஏதோ இருந்தது. டினோஜன் அதை அவநம்பிக்கை என்று எடுத்துக்கொண்டான். தன்மேல் மற்றவர்களுக்கு உள்ள அவநம்பிக்கையை எந்தக் குரலிலும் கண்டுபிடித்துவிடுவான். ஒரு தீப்பொறியைக் கண்டுபிடிப்பதுதான் கைகூடவில்லை.

“மோட்டர் சுத்துது அண்ணை. பெற்றோல் மணக்குது. பொறிதான் வருகுதில்லை.”

“அப்ப விடுமன். வயசுபோன வாகனம். அதுக்கும் களைப்பிருக்கும்தானே.”

“விடேலாது அண்ணை. ஞாயிற்றுக்கிழமை மாதா இதிலதானே ஏறவேணும்.”

யோசெப் அண்ணை தேத்தண்ணி எடுத்துவரப் போனார்.

பிக்கப் அவருடையது. செயின்ட்-மிஷேலில் கோயிலுக்கு அடுத்த வீடு அவர் வீடு என்பதால், வாகனம் வருஷம் முழுக்கக் கோயில் பின்வளவில்தான் நிற்கும். மாதா பெருநாளன்று அதைச் சோடித்து, பின்தட்டில் சொரூபத்தை ஏற்றி, தெருவெல்லாம் பவனி போவார்கள். டினோஜன் இதை ஒருமுறையும் பார்த்ததில்லை. அவன் மன்னாரிலிருந்து இந்தப் பிரெஞ்சு பேசும் ஊருக்கு வந்து இறங்கியது போன குளிர்காலத்தில்தான்.

இந்தப் பொறுப்பை அவனும் கேட்டு வாங்கவில்லை. அவன் தங்கியிருந்தது ஜொய்சி சின்னம்மா வீட்டில். பூசை முடிந்து பேசிக்கொண்டு நின்றபோது, “எங்கட பெடியன் பின்னேர வகுப்பில வாகனம் திருத்தப் படிக்கிறான்” என்று சின்னம்மா ஃபாதர் ராஜாமணியிடம் சொல்லிவிட்டாள். ஃபாதர் தமிழ்நாட்டுக்காரர். அவரும் இந்தப் பங்குக்குப் புதிது. நல்ல செய்தி கிடைத்தால் அதை ஒலிவாங்கியில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

“போன வருஷம் வண்டி கிளம்பாம, பாவம், எல்லாரும் தள்ளிக்கிட்டே போனீங்களாம். இந்த வருஷம் அந்தக் கஷ்டம் உங்களுக்கு இல்ல! நம்ம டினோஜன் தம்பி எலக்ட்ரானிக் இக்னிஷன் படிச்சவரு!”

கோயிலில் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன்னை ஒருவரும் நம்பவில்லை என்று டினோஜனுக்கு உடனே விளங்கிவிட்டது. அதில் அவனுக்குக் கோபம் இல்லை. அந்த விஷயத்தில் அவனும் அவர்கள் கட்சிதான்.

படித்தவர் என்பதே கொஞ்சம் கூடுதல். எஞ்சினைக் கிளப்பும் அந்தத் தீப்பொறிப் பாடம் வகுப்பில் பாதியில்தான் நின்றது. அதுவும் பிரெஞ்சில் நடந்ததால், அந்தப் பாதியிலும் பாதிதான் அவனுக்குப் புரிந்திருந்தது. போதாததற்கு, வகுப்பு ஆசிரியை எலிசா போன கிழமை அவனைத் தனியே கூப்பிட்டு, “நீ கவனமாக அளக்கிறாய். ஆனால் அளந்ததை நம்ப மாட்டேன் என்கிறாய். இந்த வேலை உனக்குச் சரிவருமா என்று யோசித்துப் பார்” என்று சொல்லியிருந்தாள். அந்த வசனம் மட்டும் முழுதாகப் புரிந்தது.

அவன் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பிக்கப் ஓடினால் வகுப்புக்குப் போவது. ஓடாவிட்டால் வகுப்பை விட்டுவிட்டு, பகலில் வேலை செய்யும் கோழித் தொழிற்சாலையிலேயே இருந்துவிடுவது. கோழிகளுக்கு மின்சாரத் தீப்பொறி தேவையில்லை.

“ஊகிக்காதே, அள” என்பது எலிசாவின் மந்திரம். டினோஜன் மீற்றரை எடுத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டு போனான். பொறியை உண்டாக்கும் கொயிலுக்கு மின்சாரம் வரவில்லை. குனிந்து பார்த்தால், கொயிலுக்குப் போகும் வயர் கழன்று தொங்கியது.

“அண்ணை! பிடிச்சிட்டன்!”

வயரைச் செருகினான். பொறி வந்தது. மஞ்சளாக, நோஞ்சானாக இருந்தாலும் பொறி பொறிதான்.

யோசெப் அண்ணை தேத்தண்ணியோடு வந்து பார்த்தார். “கெட்டிக்காரன்” என்றார். அதைச் சொல்லும்போது ஏன் அவர் முகம் அப்படிப் போனது என்று டினோஜனுக்கு விளங்கவில்லை. “சரி, நாளைக்குப் பாப்பம். இருட்டப்போகுது.”

அடுத்தநாள் வந்து பார்த்தால் அந்தப் பொறியும் இல்லை. நேற்றுச் செருகிய வயர் மறுபடி தொங்கியது. பக்கத்தில் இன்னொரு வயரும் அதற்குத் துணையாகத் தொங்கியது.

“நான் வடிவாச் செருகேல்லைப் போல” என்றான் டினோஜன்.

“இருக்கும்” என்றார் யோசெப் அண்ணை.

இரண்டையும் இறுக்கினான். பொறியைக் கட்டுப்படுத்தும் மொடியூலைக் கழற்றி, அடிப்பக்கத்தைத் துடைத்து, புதுப் பசை பூசிப் பூட்டினான். பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ரிபியூட்டரின் மூடியையும் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டரைச் சுரண்டிச் சுத்தம் செய்தான். வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் நம்பிக்கைகூட இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் உள்ளே ரோட்டரைக் காணவில்லை.

டினோஜன் மூடியைப் போட்டு மூடினான். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தான். மறுபடி மூடியைத் திறந்தான். அப்போதும் இல்லை.

“அண்ணை, நான் நேற்று ரோட்டரைத் திருப்பிப் போட்டனானோ?”

“நான் எங்க பாத்தன் தம்பி?”

“போட்டனான் எண்டுதான் நினைக்கிறன். ஆனா நான் நினைக்கிறதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது.”

இருவரும் வாகனத்துக்குக் கீழே படுத்துத் தேடினார்கள். யோசெப் அண்ணையின் மனைவி றோசா அக்கா டோர்ச் பிடித்தாள். யோசெப் அண்ணை டினோஜனைவிட அக்கறையாகத் தேடினார். பூச்சாடிக்குள் கையை விட்டுப் பார்த்தார். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். மனுஷனின் நல்ல மனத்தைக் கண்டு டினோஜன் தன்னையே நொந்துகொண்டான்.

“அக்கா, எங்கட வகுப்பில ஒருத்தரும் இப்பிடிச் சாமான் துலைக்கிறேல்லை.”

“அப்பிடிச் சொல்லாதையும் தம்பி” என்ற றோசா அக்கா, ஏனோ கணவரை ஒரு பார்வை பார்த்தாள். “துலையிற சாமான் துலையத்தானே செய்யும்.”

பக்கத்துப் பகுதியான வில்லரேயில் ஓர் உதிரிப்பாகக் கடையில் புது ரோட்டர் கிடைத்தது. அதைப் போட்டான். அடுத்தநாள் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பற்றறி செத்துப்போய்க் கிடந்தது. ஹெட்லைற் சுவிச் ‘ஒன்’ பக்கம் நின்றது.

“லைற்றை நிப்பாட்டினனான் எண்டு நினைச்சன்” என்றான் டினோஜன் மெல்ல.

“மறதி எல்லாருக்கும் வாறதுதான்” என்றார் யோசெப் அண்ணை, அவன் முகத்தைப் பார்க்காமல். “ஃபாதரிட்டை நான் கதைக்கிறன். வாகனம் சரிவராது எண்டு சொன்னா அவர் ஒண்டும் நினைக்க மாட்டார். நீர் ஏலுமானதைச் செய்தனீர்.”

அந்த ‘ஏலுமானது’ டினோஜனைச் சுட்டது. வளவில் குந்தியிருந்து, எலிசா சொல்லிக்கொடுத்தபடி, பிழை எங்கே என்று வரிசையாக யோசித்தான். வயர் சரி. கொயில் சரி. மொடியூல் சரி. ரோட்டர் புதுசு. ஆனால் அவன் போய் வருகிற ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கெட்டுவிடுகிறது. அப்படியென்றால் பழுது வாகனத்தில் இல்லை, தன்னில்தான். பழுதான பாகம் எது என்று தெரிந்தபிறகு அதைத் தொடர்பிலிருந்து கழற்றிவிட வேண்டும். பாடம் அப்படித்தான் சொல்கிறது.

சனிக்கிழமை பின்னேரம் ரோட்டரைக் கழற்றினான், மொடியூலைக் கழற்றினான், கொயிலுக்குப் போகும் வயரையும் உருவினான். எல்லாவற்றையும் தன் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினான். பற்றறியைத் தூக்கி, சின்னம்மா மரக்கறி வாங்க இழுத்துப்போகும் சின்ன வண்டிலில் வைத்தான்.

றோசா அக்கா படியில் நின்று திடுக்கிட்டாள். “என்ன தம்பி, எல்லாத்தையும் வீட்ட கொண்டு போறீரோ?”

“ஓம் அக்கா. இஞ்ச விட்டா நான் பூட்டினது விடியிறதுக்குள்ள கழண்டுபோகும். என்னை நம்பேலாது.”

“இதென்ன கோதாரி. வைச்சிட்டுப் போமன், நாங்கள் பாத்துக்கொள்ளுவம்!”

“இல்லை அக்கா, உங்களுக்கு நான் குடுத்த கரைச்சல் காணும்.”

பஸ்ஸில் பற்றறியைக் கண்ட சாரதி “போன்ஜூர்” என்ற வணக்கத்தைப் பாதியில் நிறுத்தினார். வீட்டில் பற்றறி சார்ஜரில் கிடந்தது. சாப்பாட்டுப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு டினோஜன் படுத்தான். நித்திரையில் எழும்பி நடந்து அதையும் கெடுத்துவிடுவானோ என்ற பயத்தில், அறைக் கதவை வெளியால் பூட்டித் திறப்பை வைத்துக்கொள்ளும்படி சின்னம்மாவிடம் சொல்லியிருந்தான்.

ஞாயிறு காலை பிக்கப் ஒரு கல்யாணப் பொம்பிளை போல நின்றது. நீலமும் வெள்ளையுமாகத் துணி, கடதாசிப் பூக்கள், பின்தட்டில் மாதா. முன்னால் பாண்ட் வாத்தியக்காரர். பின்னால் பத்துப் பதினைந்து ஆண்கள், வெறுங்காலோடு, வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துவாயோடு நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, முழங்கால் ஒப்பறேஷன் முடிந்து மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்த நீக்கிலாப்பிள்ளை ஐயாவும் நின்றார். எல்லோருடைய கைகளும் வாகனத்தின் பின்பலகையில் இருந்தன.

வாகனம் கிளம்பாது என்று இவ்வளவு பேர் முன்கூட்டியே முடிவுகட்டிவிட்டார்களே என்று டினோஜனுக்கு வெட்கமாக இருந்தது. ரோட்டரைப் போட்டான். மொடியூலைப் பூட்டினான். வயரைச் செருகி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தான். பற்றறியை வைத்தான்.

“அண்ணை, திறப்பு?”

யோசெப் அண்ணை சட்டைப் பையைத் தடவினார். காற்சட்டைப் பையைத் தடவினார். “எங்க வைச்சனான் எண்டு தெரியேல்லையே.”

“இதோ சாவி இங்க, சீட்லயே கிடக்கே!” என்று ஃபாதர் ராஜாமணி அங்கியைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். “மாதாவுக்கு நானே ஸ்டார்ட் பண்றேன் தம்பி. சொல்லுங்க, திருப்பலாமா?”

டினோஜன் மீற்றரில் அளந்தான். அளந்ததை, வாழ்க்கையில் முதன்முறையாக, நம்பினான்.

“திருப்புங்கோ ஃபாதர்.”

ஒரே திருப்பு. பிக்கப் உறுமிக்கொண்டு எழும்பியது. பின்னால் நின்றவர்கள்மேல் கரும்புகை பரவியது. எஞ்சின் சுதி பிசகாமல் ஓடியது.

டினோஜன் பொனெற்றைச் சாத்தினான். வகுப்பு, எலிசா, சேர்டிபிக்கற், சொந்தமாக ஒரு கராஜ் என்று எல்லாம் அந்த ஒரு கணத்தில் கண்முன் வந்தன. கைதட்டலுக்காகத் திரும்பினான்.

ஒருவரும் தட்டவில்லை. றோசா அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். யோசெப் அண்ணை சாப்பாட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புகைக்குள் இருந்து நீக்கிலாப்பிள்ளை ஐயாவின் குரல் வந்தது.

“யோசெப்பு, நீ எத்தினைதரம் கழட்டிவிட்டாலும் இந்தப் பெடியன் பூட்டிப்போட்டானே! மாதாவைக் கையால தள்ளிக்கொண்டு வாறம் எண்டு நேர்த்தி வைச்ச நாங்கள் இப்ப எதையடா தள்ளுறது?”